தியாகமா, தீராத கடனா?

ஒரு பெண் பிறருக்காகத் துன்புற்று மடிந்துபோனால் அவளுக்குப் புகழ்மாலை சூட்டுவது உலகத்தாருக்கு எளிதாக இருக்கிறது. அவளுக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுப்பதோ அரிதாக இருக்கிறது. இவ்வுண்மையை விளக்க, ஜப்பான் நாட்டில் எடுக்கப்பெற்ற நீண்ட காதற் படம் ஒன்றையும், அதைக் குறித்துத் திறனாய்வாளர்கள் எழுதி வந்திருப்பவற்றையும் ஈண்டு ஆராய விழைகிறோம்.

"இலக்கிய ஏட்டில் திரைப்படத்துக்கு என்ன வேலை?" என்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். திரையரங்குக்கு ஆள் சேர்க்க நாம் வரவில்லை. ஒரு கதையைக் கண்டு கண்ணீர் வடிக்கும் மனிதன் அக்கண்ணீருக்கு என்ன பெயர் சூட்டுகிறான் என்பதில் அவனுடைய நீதியுணர்வு வெளிப்பட்டு விடுகிறது. அந்த நீதியுணர்வைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

படத்தின் பெயர் 'ஸங்கிகு மொனொகதாரி'. பருவம் கடந்தும் எஞ்சி நிற்கும் செவ்வந்தியின் கதை என்று அதற்குப் பொருள் கூறலாம். ஷோஃபு முராமட்சு எழுதிய கதையைத் தழுவி யோஷிகதா யொதா திரைக்கதை அமைக்க, கெஞ்ஜி மிசோகுச்சி (1898–1956) 1939ஆம் ஆண்டில் இதனை இயக்கினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இன்னும் இருபது நிமிடங்களையும் தாண்டி ஓடுவது இப்படம். வெளிவந்த ஆண்டில் 'கினெமா ஜூன்போ' என்னும் புகழ்பெற்ற ஜப்பானியத் திரையிதழின் வரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. 1956ஆம் ஆண்டிலும் 1963ஆம் ஆண்டிலும் வேறு இயக்குநர்கள் இதே கதையை மீண்டும் படமாக்கினர். 2015ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பெற்ற படி கான் திரைவிழாவில் காட்டப்பட்டது. ஆகவே எவரும் அறியாத படமன்று. பலரும் பார்த்து, பலரும் எழுதிய படம்.

கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. டோக்கியோ நகரில் கிகுகொரோ என்பார் கபூக்கி நாடக உலகின் பெருநடிகர். அவருடைய வளர்ப்பு மகன் கிகுனொசுகே. குடும்பப் பெயருக்கு அஞ்சி எல்லாரும் அவனை முகத்துக்கு நேரே புகழ்கிறார்கள். முதுகுக்குப் பின்னே நகைக்கிறார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் செவிலித் தாயாக ஊழியம் செய்பவள் ஒதோக்கு. "உங்கள் நடிப்பில் இன்னும் தேர்ச்சியில்லை, உழையுங்கள்" என்னும் கருத்தை, ஓர் இரவில், கையில் குழந்தையோடு நடந்தபடியே அவள் ஒருத்திதான் அவனிடம் எடுத்துரைக்கிறாள். அந்த வாய்மையே காதலாக மலர்கிறது. வீட்டார் அவளை வேலையை விட்டு நீக்குகிறார்கள். அவன் வீட்டை விட்டு வெளியேறி ஒசாகா நகருக்குப் போகிறான். அவளும் அங்கு வந்து சேர்கிறாள். உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் ஏழை ஒருவரின் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருவரும் வாழ்கின்றனர். பின்னர் ஊர் ஊராய்த் திரியும் நாடகக் குழுவில் வறுமையோடு ஆண்டுகள் கழிகின்றன. முடிவில் நகோயா நகரில், அவனுடைய பழைய நண்பர்களிடம் அவள் தனியே சென்று, அவனுக்கு ஒரு வாய்ப்புத் தரும்படி மன்றாடுகிறாள். வாய்ப்புக் கிடைக்கிறது, அவன் வெற்றி பெற்றுக் குடும்பத்தோடு சேர வேண்டுமானால் அவள் விலகிவிட வேண்டும் என்பது அதற்கு விலை. அவன் வெற்றி பெறுகிறான், அவள் விலகுகிறாள். புகழோடு அவன் ஒசாகாவுக்குத் திரும்பி வருகிறபோது அவள் அதே மாடியறையில் நோயுற்றுக் கிடக்கிறாள். அப்போதுதான், அவளை மனைவியென ஏற்றுக்கொள்ளத் தந்தை இசைகிறார். நடிகர்களின் படகு ஊர்வலத்துக்கு நேரமாயிற்று, போய் வாருங்கள் என்று அவளே அவனை அனுப்பி வைக்கிறாள். ஆற்றில் படகின் முகப்பில் நின்று அவன் மக்களை வணங்கிக் கொண்டிருக்கும் வேளையில் அவள் உயிர் பிரிகிறது.

இனித் திறனாய்வாளர்களிடம் வருவோம். அவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையார் வடிவத்தை வணங்குபவர்கள். இப்படத்தில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் காட்சி அரிதினும் அரிது. காமிரா எட்டவே நிற்கிறது. வெட்டாமல், இடைமுறிக்காமல், நீண்ட நேரம் பார்த்துக் கொண்டேயிருக்கிறது. மேலே நாம் சொன்ன இரவு நடைக் காட்சி ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஒரே ஓட்டமாக அமைந்தது. தாழ்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபடி காமிரா அவர்களோடு கூடவே நகர்கிறது. இத்தகைய ஆக்கங்களை நோயல் பர்ச் என்னும் அறிஞர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பெரிதும் போற்றினார். மேனாட்டுப் படக்கலையின் இலக்கணத்துக்கு மாறான வேறோர் இலக்கணம் 1930களின் ஜப்பானியப் படங்களில் இருந்தது என்றும், மிசோகுச்சியின் உச்சம் அக்காலத்தியதே என்றும் அவர் வாதிட்டார். அவருடைய உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அவர் வழிவந்த பலர், காமிரா எத்தனை அடி தூரத்தில் நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று அளந்து அளந்து எழுதினார்களே தவிர, அத்தனை நேரம் அது யாரைப் பார்த்துக் கொண்டு நின்றது என்று சொல்ல மறந்தார்கள். வழக்கு மன்றத்தில் சாட்சி நின்ற இடத்தை அளந்துவிட்டு, அவன் கண்டதைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிய கதையாக முடிந்தது அது.

இரண்டாம் வகையார் கண்ணீர்க்காரர்கள். ஒதோக்குவைத் 'தியாகத்தின் வடிவம்' என்று போற்றி, கைக்குட்டையை நனைத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள். இவர்களைப் பற்றி ஜப்பானியத் திறனாய்வாளர் ததாவோ சாட்டோ கூறியிருக்கும் கருத்துச் சிந்திக்கத்தக்கது. முறையிடாமல் துன்பம் தாங்கும் பெண்ணுருவைக் கண்டு உள்ளம் உருகி வழிபடுவது ஜப்பானியப் படங்களில் ஒரு மரபாகவே இருந்து வந்தது என்பதையும், அவ்வழிபாட்டின் அடியில் ஆணின் குற்றவுணர்ச்சி உறைந்து கிடக்கிறது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். மிசோகுச்சியின் சொந்த வாழ்வே இதற்குச் சான்று பகரும். குடும்பத்தின் வறுமையால் அவருடைய தமக்கை கெய்ஷாவாக்கப்பட்டார். அத்தமக்கையின் ஆதரவில்தான் தம்பியின் இளமை கழிந்தது. ஒரு பெண்ணின் வாழ்வை ஏணியாக்கி ஏறியவன் பிற்காலத்தில் ஏணியைப் பற்றிப் படம் எடுத்தால், அதில் உருக்கம் மட்டுமா இருக்கும்? கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கைத்தான் கண்ணீர்க்காரர்கள் படிக்க மறுக்கிறார்கள்.

மூன்றாம் வகையார் குற்றஞ்சாட்டுபவர்கள். அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1937ஆம் ஆண்டு முதல் ஜப்பான் சீனத்தின் மீது பெரும்போர் நடத்திக் கொண்டிருந்தது. 1939ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; படமெடுக்கும் முன்பே கதையை அரசின் தணிக்கைக்கு வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் இப்படம் வெளிவந்தது. 1936ஆம் ஆண்டில் 'ஒசாகா' நகரப் பெண்ணொருத்தியைப் பற்றியும், கியோன் பகுதிச் சகோதரியர் இருவரைப் பற்றியும் எடுத்த இரு படங்களில் மிசோகுச்சி ஆணுலகின் அநீதியை வெளிப்படையாகவே சாடினார். மூன்றாண்டுக்குப் பின் வாளை உறையிலிட்டுவிட்டு, பெண்ணே, மேன்மையானதொரு நோக்கத்துக்காக வாயடைத்துச் சாவாயாக என்று போதிக்கத் தலைப்பட்டார் என்பது இவர்கள் குற்றச்சாட்டு. போர்க்கால அரசு தாய்மாரிடமும் மனைவிமாரிடமும் கேட்டதும் அதுவே அல்லவா என்கிறார்கள்.

இக்குற்றச்சாட்டில் காலத்தைப் பற்றிய பகுதி உண்மை. படத்தைப் பற்றிய பகுதி பிழை. ஏன் என்று சொல்வோம். தியாகத்தைப் போதிக்கும் கதை ஒன்றுக்கு ஒரு தவிர்க்க முடியாத இலக்கணம் உண்டு: தியாகத்தின் பயன் தியாகத்தை நியாயப்படுத்தியாக வேண்டும். இறுதிக் காட்சியில் அத்தகைய நிறைவு எங்கே இருக்கிறது? ஆற்றில் விளக்கொளி, ஆரவாரம், படகின் முகப்பில் தலைவணங்கும் நடிகன். மாடியறையில் இருள், மெலிந்த உடல், ஓரிரு ஏழை மனிதர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு இயக்குநர் விலகிக் கொள்கிறார். இதற்கு அது ஈடு என்று ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. அரசின் பேரேட்டில் அவள் பெயர் 'வரவு' என எழுதப்பட்டிருக்கலாம். படத்தின் பேரேட்டில் அது 'பற்று' என்றே நிற்கிறது.

மூன்று வகையாரும் ஒன்றில் உடன்படுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் அவளைக் கவனிக்கவில்லை. மற்றவர் தியாகி என்று போற்றுகிறார். இன்னொருவர் தியாகத்தைப் போதிக்கிறாள் என்று தூற்றுகிறார். அவளுக்கு யாரேனும் கடன்பட்டிருக்கிறார்களா என்று எவரும் கேட்கவில்லை. 'தியாகம்' என்ற சொல்லின் மாயமே இதுதான். கொடுத்தவரைப் பற்றி மட்டுமே அது பேசும். வாங்கியவரைப் பற்றி மூச்சு விடாது. கடன் என்று சொல்லிவிட்டாலோ, உடனே கடனாளியின் பெயரைக் கேட்க வேண்டி வரும்!

கேட்போம். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கிடைத்தது வசைச்சொல்லும் வேலைநீக்கமும். வீடு முழுதும் பொய் பேசிய இடத்தில் மெய் பேசினாள். அந்த மெய்தான் பின்னாளில் அக்குடும்பத்துக்கு ஒரு நடிகனைப் பெற்றுத் தந்தது. ஆண்டுக்கணக்கில் வறுமையில் அவனோடு குடித்தனம் நடத்தினாள். அங்கே அவள் உடல்நலம் செலவாயிற்று. நகோயாவில் தன்னையே விலையாக வைத்து அவனுக்கு மேடை வாங்கிக் கொடுத்தாள். அவன் மேடையேறியபோது, காண மனந்தாளாமல் ஒதுங்கிப் போய் வேண்டிக்கொண்டு நின்றாள். இத்தனைக்கும் ஈடாக அவள் பெற்றது 'மனைவி' என்ற ஒரு சொல். அதுவும் மரணப் படுக்கையில். கடைசிவரை அவளுக்கு நிழல் கொடுத்தவர் யார்? அவளுக்கு ஒரு செப்புக் காசும் கடன்படாத அந்த ஏழை வீட்டுக்காரர்!

அன்று அவன் எந்த வேடத்தில் வெற்றி பெற்றான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1629ஆம் ஆண்டில் பெண்கள் கபூக்கி மேடையேறக் கூடாதென்று அரசு தடை விதித்தது. அது முதற்கொண்டு பெண் வேடத்தையும் ஆண்களே புனைவது அந்நாடக மரபாயிற்று. கிகுனொசுகே நகோயாவில் புனைந்தது ஸுமிஸொமே என்னும் பெண் வேடம். அவனாக நடித்த ஷோதாரோ ஹனயாகியும் பெண் வேடத்தில் பெயர் பெற்ற மேடை நடிகரே. ஆக, ஓர் ஆண் பெண்ணாக நடித்துக் கைதட்டல் பெறுகிறான். அந்நடிப்புக்கு உயிர் கொடுத்த உண்மைப் பெண்ணுக்கு அவ்வரங்கில் நிற்க இடமில்லை. இதைக் காட்டிலும் கூரிய குற்றப்பத்திரிகையை யார் எழுத முடியும்? தலைப்பிலேயே அந்தக் குறிப்பு இருக்கிறது. 'கிகு' என்றால் செவ்வந்தி. கிகுகொரோ, கிகுனொசுகே என்னும் பெயர்கள் அச்சொல்லில்தான் தொடங்குகின்றன. பூவின் பெயர் அவர்களுக்கு, வாடியது அவள்.

படம் நீளம் என்று சலித்துக்கொள்வோருக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கடனாளிக்குக் கணக்கு வாசிக்கும் நேரம் எப்போதும் நீளமாகத்தான் தோன்றும். அந்த இரவு நடைக்கு ஐந்து நிமிடம் கொடுத்திராவிட்டால், ஓர் ஊழியக்காரி எசமானர் வீட்டுப் பிள்ளையிடம் மெய் பேசத் துணிவதற்கு எத்தனை தயக்கம், எத்தனை அடி நடை வேண்டியிருந்தது என்பது நமக்கு விளங்கியிராது. காமிரா எட்ட நிற்பதும் இதற்காகவே. சாட்சி சொல்பவன் ஒரு கட்சிக்காரரின் தோளில் சாய்ந்து அழக்கூடாது. இரு தரப்பும் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிற்க வேண்டும். வடிவத்தை வணங்குபவர்கள் இதனை ஜப்பானிய அழகியல் என்கிறார்கள். நாம் இதனை நீதி என்கிறோம்.

முஸ்லிம் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வழக்கில் பேசத் தனி உரிமை உண்டு. பாலூட்டும் செவிலித் தாய்க்குக் கூலி தர வேண்டும் என்பதை அருள்மறை அல்பகரா அத்தியாயத்திலும் அத்தலாக் அத்தியாயத்திலும் சட்டமாகவே விதித்திருக்கிறது. பால் கொடுத்தவளைத் தாயின் வரிசையில் வைத்து, மணவிலக்கு உறவுகளையே அதன்மேல் நிறுவிய மார்க்கம் நம்முடையது. தமக்குப் பாலூட்டிய ஹலீமா அம்மையார் வந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள் என வரலாறுகள் கூறும். கிகுகொரோவின் வீட்டார் செவிலித் தாய்க்குக் காட்டியது தெருவாயிலை.

"நிக்காஹ் இல்லாமல் கூடி வாழ்ந்தவளுக்காக வாதாடுவதா?" என்று கேட்கலாம். அவ்வாழ்வு நம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மணவுரிமையை அவளுக்கு மறுத்தவர்கள் யார்? குலப்பெருமை பேசிய அதே வீட்டார் அல்லவா? மனைவியென்ற தகுதியை உயிரோடிருந்தபோது பூட்டி வைத்துவிட்டு, சாவின் வாயிலில் அருளிச் செய்தவர்களுக்கு ஒழுக்கம் பேச என்ன அருகதை இருக்கிறது?

'தியாகம்' என்ற சொல்லும் நமக்குப் புதியதன்று. ஹஜ்ஜுப் பெருநாளையே தியாகத் திருநாள் என்று தமிழில் அழைக்கிறோம். அந்நாள் நினைவூட்டும் வரலாற்றை ஊன்றிப் பாருங்கள். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தாம் கண்ட கனவை மைந்தரிடம் உரைத்துக் கருத்துக் கேட்டார்கள்; மைந்தர் இசைந்தார்கள்; இறுதியில் இறைவன் கத்தியைத் தடுத்து மைந்தரைக் காத்தான். கேட்கும் உரிமையுடைய இறைவனே உயிரை எடுத்துக்கொள்ளாமல் திருப்பித் தந்தான். ஒதோக்குவின் கதையில் கேட்டது யார்? ஒரு குடும்பத்தின் பெயரும் ஒரு மேடையின் புகழும். கத்தியைத் தடுத்த கை எது? ஒன்றுமில்லை. இதற்கும் தியாகம் என்று பெயரிடுவது அப்புனிதச் சொல்லுக்கே இழுக்கு.

இந்தப் பழக்கம் ஜப்பானுக்கு மட்டுமே உரியதென்று நாம் இறுமாந்திருக்க வழியில்லை. மேடையில் "தாய்க்குலம் தியாகத்தின் திருவுரு" என்று முழங்கும் நம்மவர் வீடுகளில் மஹர் கொடுத்துத் தீர்ந்ததா? ஷரீஅத் அளந்து கொடுத்த பாகத்தைச் சகோதரி 'விட்டுக் கொடுத்தாள்' என்று சொல்கிறோமே, கேட்க நாவெழாமல் விட்டாளா, மனமுவந்து கொடுத்தாளா என்று விசாரித்தோமா? கணவனின் மையித்து வாசலில் கிடக்க, சுற்றி நிற்பவர்கள் விதவையிடம் மஹரை மன்னித்துவிடச் சொல்லும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த வேளையில் எந்தப் பெண் மறுப்பாள்? ஒதோக்கு மட்டும் மறுத்தாளா, படகுக்குப் போகாதீர்கள் என்று?

யாருக்கேனும் ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டி வந்தால், இவர்மீது கடன் உண்டா என்று வினவுவது பெருமானார் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. பின்னாளில், ஈடின்றி இறந்தவர்களின் கடனைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். இறந்தவர் பட்ட கடனையே அத்துணை அழுத்தமாகக் கேட்ட உம்மத்தினர் நாம். இறந்தவளுக்குப் பிறர் பட்ட கடனைக் கேளாமல் கண்ணீர் மட்டும் வடித்துவிட்டுப் போகலாமா?

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திறனாய்வாளர்கள் ஒதோக்குவின் மாடியறை வாசலில் மலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். செவ்வந்திப் பூக்களே அவை என்பதில் ஐயமில்லை. மலரை எடுத்துவிட்டுக் கணக்கேட்டை வைக்கச் சொல்கிறோம். அவரவர் வீட்டிலும் அப்படியொரு ஏடு எழுதப்படாமல் கிடக்குமானால், எழுத வேண்டியவர் உயிரோடிருக்கும் இன்றே எழுதப்படட்டும். சேர வேண்டியது அவர் கையிலேயே சேரட்டும்.